மாவு மெஷினும் 96 குழிகளும்

வீக்கம் என்றால் மாதச் சம்பளக்காரர்களுக்கு முதலில் பணவீக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த வாரச் சமாச்சாரம் அது இல்லை. உடம்புக்குள் வருகிற வீக்கம். டாக்டர்கள் 'இன்ஃப்ளமேஷன்' என்பார்கள். பாடப்புத்தகத்தில் 'அழற்சி' என்று போட்டிருக்கும். முள் குத்தின இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நாலையும் ரோமாபுரியில் செல்ஸஸ் என்கிற ஆசாமி ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்பே வரிசையாக எழுதி வைத்துவிட்டார். அவரிடம் லேப் கிடையாது. தேவைப்படவும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வீக்கத்துக்கு லேப் எதற்கு? பாட்டி போதும். மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுவிடுவாள்.

தொல்லை கொடுப்பது தெரியாத வீக்கம். சிவக்காது, சுடாது, ஆபீஸுக்கு லீவு போடவும் வைக்காது. வருஷக்கணக்காக ரத்தக்குழாய்ச் சுவரிலும் தொப்பைக் கொழுப்பிலும் நீறுபூத்த நெருப்பாக உட்கார்ந்திருக்கும். மாரடைப்பு, சர்க்கரை, டி.பி. என்று எதைத் தோண்டினாலும் அடியில் இது தட்டுப்படுகிறது. இதை அளப்பதற்காகத் தெர்மாக்கோல் பெட்டியில் ரத்தத்தை வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே அலைகிற ஒரு கூட்டம் சென்னையில் இருக்கிறது. பெரும்பாலும் இருபத்தைந்து, முப்பது வயசு. பிஎச்.டி. முடியவில்லை, கல்யாணம் ஆகவில்லை. இந்த வாரம் அவர்கள் பாடு.

பழைய முறை ஒன்று உங்களுக்கே தெரியும். ஈ.எஸ்.ஆர்.! ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. 1921-ல் ஸ்வீடன் டாக்டர் வெஸ்டர்கிரன் டி.பி. நோயாளிகளுக்காக ஒழுங்குபடுத்தின முறை. நூறு வருஷம் கழித்தும் தெருமுனை லேப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மலிவு. ஆனால் ஒரு குறை. 'எங்கேயோ புகையுது' என்று சொல்லும். எந்த வீட்டில் என்று கேட்டால் முழிக்கும்.

அடுத்தது சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் நிமோனியாக்காரர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த ஒரு புரதம். கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. எங்காவது வீக்கம் என்றால் சட்டென்று ஏறும், தணிந்தால் இறங்கும். இதய நோய் அபாயத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்ல பிள்ளை, 3-க்கு மேல் என்றால் யோசிக்கவேண்டிய பிள்ளை என்று 2003-ல் அமெரிக்க இதய நிபுணர்கள் கோடு போட்டார்கள்.

அந்தக் கல்லீரலுக்கு 'ம், தயாரி' என்று உத்தரவு போடுவது யார்? அங்கேதான் ஸைட்டோகைன்கள் வருகின்றன. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் துண்டுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எல்-6, டி.என்.எஃப்., ஐ.எல்-1 என்று ஏகப்பட்டது உண்டு. 2020, 2021 கொரோனா நாட்களில் ஐ.எல்-6 ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பி, 'இது நல்லதா கெட்டதா சார்?' என்று கேட்காத குடும்பம் குறைவு. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தச் சீட்டுகள்தான் வேண்டும். புகையை விட்டுவிட்டு, தீக்குச்சி கிழித்தது யார் என்று பார்க்கலாமே.

ஆனால் எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் ஐ.எல்-6 ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டு பிக்கோகிராம். பிக்கோகிராம் என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இது மண்டையில் ஏறாது. செம்பரம்பாக்கத்துக்கு வாருங்கள். ஏரி முழுசாக நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. அதாவது சுமார் 10,300 கோடி லிட்டர். அதில் 100 கிராம் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் மில்லிக்கு ஒரு பிக்கோகிராம்! இப்போது ஒரு டம்ளர் ஏரித்தண்ணீரை உங்கள் கையில் கொடுத்து, 'கொட்டினது 100 கிராமா, 200 கிராமா, சொல்லு பார்ப்போம்' என்றால் எப்படி இருக்கும்? அதுதான் ஐ.எல்-6 அளப்பது. சி.ஆர்.பி. 3 மில்லிகிராம் என்பதையும் இதே ஏரிக் கணக்கில் போட்டால் 310 டன் சர்க்கரை. முப்பது லாரி. முப்பது லாரிச் சர்க்கரையைத் தெருமுனை லேப் கண்டுபிடித்துவிடும். 100 கிராமைக் கண்டுபிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

ஏற்பாட்டின் பெயர் எலிசா. (பெண் பெயர் இல்லை. 1971-ல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மான் என்ற இரண்டு பேர் வெளியிட்ட முறை.) உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் பல்லாங்குழி மாதிரி 96 குழிகள். குழியின் அடியில் ஐ.எல்-6 ஐ மட்டும் கவ்விப் பிடிக்கிற ஒரு புரதத்தைத் தடவி வைத்திருப்பார்கள். ரத்தத்தின் தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, ஊற்றினால் ஐ.எல்-6 மாட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, மாட்டினதன் தலையில் நிறம் கொடுக்கிற இன்னொன்றை ஏற்றினால் நிறம் அடர்த்தியாக வரும் இடத்தில் ஐ.எல்-6 ஜாஸ்தி. இதே வேலையை வண்ண மணிகளை வைத்து, ஒரே சொட்டில் இருபத்தைந்து ஸைட்டோகைன்களுக்குச் செய்கிற மெஷினும் வந்திருக்கிறது. அந்த மெஷின் புறநகரில் ஒரு சின்ன ஃபிளாட் விலை. அதில் போடுகிற கிட், ஒன்றுக்கு ஒரு நல்ல பைக் விலை. ஆராய்ச்சி மாணவருக்கு மத்திய அரசு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அதுவும் எல்லோருக்கும் இல்லை.

இனி பல்லாங்குழிக் கணக்கு. 96-ல் 16 குழிகள் அளவுகோலுக்கே போய்விடும். தெரிந்த அளவு ஐ.எல்-6 ஐ எட்டுப் படிகளாக, படிக்கு இரண்டு குழியாக ஊற்றி வைத்தால்தான் தெரியாததை ஒப்பிட முடியும். சரிபார்ப்புக்கு இன்னும் 4. மீதி 76. ஒவ்வொரு ஆளின் சீரத்தையும் இரண்டு தடவை பார்க்கவேண்டும் என்பதால் 38 பேருக்குத்தான் இடம். உங்களிடம் 12 பேர் ரத்தம் மட்டும் இருந்தால் 52 குழி காலி. தட்டைத் துண்டு துண்டாக உபயோகிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த 20 குழி தண்டம் அழவேண்டும். பிரித்த கிட் நாள்பட நிற்கவும் நிற்காது.

ஆகவே ஷேர் ஆட்டோ. நீ 12, நான் 9, அவள் 17 என்று மூன்று காலேஜ் சேர்ந்து ஒரு தட்டை நிரப்புவது. மெஷினும் ஆளும் ஒரே இடத்தில் இருக்கும். மற்றவர்கள் ட்யூபைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு ட்யூபுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, எண்ணை வாங்கிக்கொண்டு வரவேண்டியது. பொது ஆய்வுக்கூடம் என்பது இவ்வளவுதான். ஷேர் ஆட்டோவுக்கு உள்ள வியாதி இதற்கும் உண்டு. 'இன்னும் ரெண்டு பேர் வந்தா கெளம்பிடலாம் சார்' என்று நிற்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிற மாணவனுக்கு அடுத்த வாரம் கைடு முன்னால் ரிசல்ட் காட்டவேண்டியிருக்கும்.

*

இதெல்லாம் சென்னைக்குப் புதுசா என்றால், இல்லை. மான் மேயும் ஐ.ஐ.டி. வளாகத்தில் பொதுக் கருவி மையம் ஒன்று 1970-களிலிருந்தே இருக்கிறது. முன்பு ஆர்.எஸ்.ஐ.சி. என்பார்கள், இப்போது ஸைஃப். சொந்தமாக என்.எம்.ஆர். மெஷின் வாங்க முடியாத காலேஜ்களிலிருந்து எத்தனையோ கெமிஸ்ட்ரி மாணவர்கள் சின்ன பாட்டிலில் வெள்ளைப் பொடியைப் போட்டு அனுப்பி, கட்டணம் கட்டி, ரிசல்ட் வாங்கி டாக்டர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்று கவனியுங்கள். பொடி சமர்த்து. தபாலில் போட்டாலும் பொடி. பத்து நாள் கழித்துப் பிரித்தாலும் பொடி.

ரத்தம் அப்படியில்லை. கையிலிருந்து எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கிறது. ட்யூபிலேயே வைத்திருந்தால் அதிலுள்ள வெள்ளையணுக்கள், 'ஐயோ எங்கேயோ கொண்டுவந்துட்டாங்க' என்று ட்யூபுக்குள்ளேயே சீட்டெழுத ஆரம்பித்துவிடும். காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தைப் பத்து மணிக்குப் பிரித்தால் ஒரு எண் வரலாம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பிரித்தால் வேறு எண் வரலாம். நோயாளியின் வீக்கத்தைப் பார்க்க நினைத்து ட்யூபின் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிரித்த சீரத்தை மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்கவேண்டும். உருகி உறைந்து, மறுபடி உருகி உறைந்தால் சில ஸைட்டோகைன் ஏறும், சில இறங்கும். ஒரு கரண்ட் கட், ஒரு ஜெனரேட்டர் டீசல் தீர்ந்த ராத்திரி போதும். ரத்தம் கொடுத்தவர் முதல் நாள் மெரினாவில் பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தாலோ, ஈறு வீங்கியிருந்தாலோ, அதுவும் கணக்கில் வந்து உட்காரும்.

ஆகவே இந்த விஷயத்தில் பொது ஆய்வுக்கூடம் என்பது மெஷினைப் பங்குபோடுவதோடு முடிவதில்லை. பல ஊர்களில் பல பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெரிய பட்ஜெட் போட்டு மெஷின் வாங்கி, ரிப்பன் வெட்டி, போர்டு மாட்டிவிட்டு, 'எல்லோரும் வரலாம்' என்று அறிவித்துவிடுவார்கள். எல்லோரும் வருவார்கள். எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க ஆள் இருக்காது.

ஆள் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால், மாவு மெஷின்காரர் மாதிரி என்பேன். மயிலாப்பூரின் உள்தெருக்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரே மெஷின், தெரு முழுக்க டப்பா. கோதுமை, அரிசி, மிளகாய், தனியா, சீயக்காய். அவரிடம் போய், 'இதை அரைச்சுக் குடுங்க' என்று டப்பாவை நீட்டினால் உடனே கொட்டமாட்டார். கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். 'பருப்புல ஈரம் இருக்கும்மா. ஒரு வெயில் காயவெச்சு நாளைக்குக் கொண்டாங்க.' எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டார். மிளகாய் அரைத்த கையோடு கோதுமை போடமாட்டார். நடுவில் ஒரு பிடி தவிட்டையோ அரிசியையோ ஓட்டி மெஷினைச் சுத்தம் பண்ணுவார். சீயக்காய்க்குத் தனி நாள். யார் டப்பா யாருடையது என்பது குழம்பவே குழம்பாது. மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தப் 'போய் நாளைக்கு வா'தான் அவருடைய சரக்கு.

*

இந்த ஒழுங்கு இருந்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

2001-ல் கோபாலபுரத்து மெட்ராஸ் டயாபடீஸ் ரிஸர்ச் ஃபவுண்டேஷன், டாக்டர் வி. மோகன் தலைமையில் ஒரு பெரிய கணக்கெடுப்பை ஆரம்பித்தது. பெயர் 'க்யூர்ஸ்'. அன்றைய மாநகராட்சியின் 155 வார்டுகளில் 46-ஐப் பொறுக்கி எடுத்து 26,001 பேரைப் பார்த்தார்கள். நோக்கம் சர்க்கரை. ஆனால் ரத்தத்தைப் பத்திரமாக வைத்தார்கள். 2005-ல் அதிலிருந்து ஒரு கட்டுரை. சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் சி.ஆர்.பி. அதிகம், உடம்பில் கொழுப்பு கூடக்கூட சி.ஆர்.பி.யும் கூடுகிறது. வெள்ளைக்காரத் தொப்பையை வைத்து எழுதின பாடம் நம்ம ஊர்த் தொப்பைக்கும் பொருந்துகிறதா என்கிற கேள்விக்கு நம்ம ஊர் ரத்தத்திலேயே பதில்.

அதைவிடச் சுவாரஸ்யம் 2010-ல் வந்தது. இந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்தவர்களின் ரத்தத்தில் யானைக்கால் புழுவின் தடயம் இருக்கிறதா என்று, கோபாலபுரத்துக்காரர்களும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு-கே.பி.சி. மையத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாகப் பார்த்தார்கள். யானைக்காலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? அமாவாசைக்கும் அப்துல்காதருக்கும் உள்ள சம்பந்தம் என்றுதான் நானும் நீங்களும் சொல்லியிருப்போம். சர்க்கரை இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்குப் புழுவின் தடயம். சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 4, 5 பேருக்குத்தான்! மேலும், சர்க்கரையும் புழுவும் சேர்ந்து இருந்தவர்களுக்கு ஐ.எல்-6, டி.என்.எஃப். மாதிரியான வீக்கச் சீட்டுகள், சர்க்கரை மட்டும் உள்ளவர்களைவிடக் குறைவு.

புழு உள்ளே குடியிருக்க வேண்டுமானால் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தி வைக்கவேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூங்கப்பண்ணுகிற வித்தை அதற்குத் தெரியும். அந்தத் தூக்கத்தில் சர்க்கரை நோயைக் கிளப்புகிற வீக்கமும் சேர்ந்து தூங்குகிறதோ என்பது ஒரு ஊகம். தலைகீழாகவும் இருக்கலாம், சர்க்கரை ரத்தம் புழுவுக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். ஒரே நேரத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எது முன்னால், எது பின்னால் என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் 'கொசு கடித்தால் சர்க்கரை குறையும்' என்று யாரும் கூவம் கரைக்குக் கிளம்பவேண்டாம். சர்க்கரைக்காக எடுத்த ரத்தம், ஒழுங்காக வைத்திருந்தால், வேறொருத்தர் கையில் யாரும் நினைக்காத கேள்வியைத் திறந்துவிடுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

சரி, இதே ஆராய்ச்சியை ஒழுங்கில்லாமல் செய்தால் என்ன ஆகும்? கற்பனையாக வைத்துக்கொள்வோம். சர்க்கரைக்காரர்களின் ட்யூபை எல்லாம் திங்கட்கிழமைத் தட்டில் போட்டு, மற்றவர்களை வியாழக்கிழமைத் தட்டில் போட்டோம். திங்கட்கிழமை அறை கொஞ்சம் சூடு. வியாழக்கிழமை புது கிட். இரண்டு நாளுக்கும் நிறத்தில் ஒரு வித்தியாசம் வரத்தான் செய்யும். கம்ப்யூட்டர் என்ன சொல்லும்? 'சர்க்கரைக்கும் வீக்கத்துக்கும் பயங்கரத் தொடர்பு' என்று சொல்லும். நிஜத்தில் தொடர்பு திங்களுக்கும் வியாழனுக்கும்! இது ஜோக் இல்லை. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற விவகாரம். நல்ல பொது ஆய்வுக்கூடம் ட்யூபில் பெயரும் நோயும் எழுதவிடாது. வெறும் நம்பர். நோயுள்ளவர், இல்லாதவர் எல்லோரையும் கலைத்துப் போட்டு ஒரே தட்டில் ஏற்றும். தட்டுக்குத் தட்டு ஒரே சரிபார்ப்புச் சீரத்தை வைத்து, 'நேற்று வந்த எண்ணே இன்றைக்கும் வருகிறதா?' என்று பார்க்கும். வரவில்லையென்றால் அந்தத் தட்டைத் தூக்கிக் குப்பையில் போடும். பைக் விலை கிட்டாக இருந்தாலும்.

சேத்துப்பட்டில் இந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. 1956-ல் டி.பி. சிகிச்சை ஆராய்ச்சி மையமாக ஆரம்பித்து, இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். 'சானடோரியத்தில் படுக்கவைத்துக் கோழி முட்டை கொடுத்தாலும், வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான்' என்று 1959-ல் எண்களோடு காட்டி, டி.பி. வைத்தியத்தையே உலகம் முழுக்க மாற்றின இடம். கொரோனா சமயத்தில், 60 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு பி.சி.ஜி. ஊசி போட்டால் ஏதாவது பலன் உண்டா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று இங்கே நடந்தது. ஊசிக்கு முன்னால் ஒரு ரத்தம், ஒரு மாசம் கழித்து ஒரு ரத்தம். ஊசி என்றால் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடும், வீக்கம் ஏறும் என்றுதானே நினைப்போம்? 2021-ல் வெளியான முடிவில், ரத்தத்தில் வீக்க ஸைட்டோகைன்கள் இறங்கியிருந்தன. வயசானவர்களுக்கு உள்ளே சதா கனன்றுகொண்டிருக்கிற நெருப்பில் பி.சி.ஜி. கொஞ்சம் தண்ணீர் தெளித்தது. இப்படி முன்-பின் பார்க்கிற ஆராய்ச்சியில் கை மாறினால், தட்டு மாறினால், கதையே மாறிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கவலைதான். 2000-ல் ஆரம்பித்த 'மெஸா' என்கிற இதய ஆராய்ச்சியில் ஆறு ஊர்களிலிருந்து 6,814 பேரைச் சேர்த்தார்கள். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் அதில் உண்டு. லேப்புக்கா பஞ்சம்? இருந்தும் வீக்கப் பரிசோதனைக்கு ஆறு ஊர் ரத்தமும் வெர்மான்ட் என்கிற சின்ன மாநிலத்திலிருக்கும் ஒரே பல்கலைக்கழக லேப்புக்குப் போயிற்று. ரங்கநாதன் தெருவில் ஆறு டெய்லர் ஆறு டேப்பால் அளந்தால் ஆறு ஜாக்கெட்டும் ஆறு மாதிரி இருக்கும். ஒரே டேப், ஒரே கை. ஐ.எல்-6 க்கென்று இங்கிலாந்தில் ஒரு படிக்கல்கூட வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட ஐ.எல்-6, குப்பியில் அடைத்தது. அதையும் மீறி, இரண்டு கம்பெனி கிட்டில் ஒரே ரத்தத்தைப் போட்டால் இரண்டு எண் வருவது சகஜம்.

நம் ஊரிலும் பங்கிட்டுக்கொள்ளும் எண்ணம் அரசாங்கத்துக்கு வராமலில்லை. எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் என்ன மெஷின் இருக்கிறது என்று நாடு முழுக்கப் பட்டியல் போட்டு, வெளியாரும் பதிவுசெய்து உபயோகிக்கும்படி 'ஐ-ஸ்டெம்' என்ற ஏற்பாட்டை 2020 ஜனவரியில் பெங்களூர் அறிவியல் மாநாட்டில் பிரதமர் தொடங்கிவைத்தார். உருப்படியான காரியம். ஆனால் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறுகுறுப்பு. மெஷின் பெயர் இருக்கிறது, மாடல் நம்பர் இருக்கிறது. மாவு மெஷின்காரர் எங்கே? அந்த மெஷின் முன்னால் பத்து வருஷம் உட்கார்ந்து, தட்டைப் பார்த்ததுமே 'இது சரியில்லை' என்று சொல்லக்கூடிய கை எங்கே? பல இடங்களில் அந்தக் கைக்குப் பதினோரு மாச கான்ட்ராக்ட். வேலை பிடிபடுகிற நேரத்தில் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். ஃபிளாட் விலை மெஷினுக்குத் தூசி படாமல் உறை போட்டு மூடிவைக்கிற நாம், அதை ஓட்டுகிறவரின் சம்பளத்தில் பேரம் பேசுகிறோம்.

*

எனக்குத் தெரிந்த ஒரு பையன். பெயர் வேண்டாம், அவன் கைடு இந்தப் பத்திரிகை படிக்கிறவர். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் மூட்டுவலிக்காரப் பெரியவர்களிடம் ரத்தம் சேகரித்து, தென்சென்னையில் ஒரு பொது ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனான். 12 ட்யூப். அங்கே இருந்த டெக்னீஷியன் அம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, சீரம் வெளிர்மஞ்சளா இருக்கணும். இந்த மூணும் ஏன் காளத்தி கடை ரோஸ்மில்க் மாதிரி இருக்கு?"

"கொஞ்சம்... வேகமா சுத்திட்டேன்னு நினைக்கிறேன் மேடம்."

"சிவப்பணு உடைஞ்சிருக்கு. இதை நான் போடமாட்டேன். இந்த ரெண்டு எத்தனை தடவை உருகிச்சு?"

"ஒரே தடவைதான் மேடம்."

"லேபிள்ல மை வழிஞ்சு ஓடியிருக்கு பாருங்க. ட்யூப் பொய் சொல்லாது தம்பி."

பன்னிரண்டில் ஐந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையன் கெஞ்சினான். அடுத்த வாரம் ப்ரஸன்டேஷன் என்றான். நான் ரெண்டு மடங்கு கட்டணம் கட்டுகிறேன் என்றுகூடச் சொன்னானாம். அந்த அம்மா ஒரு தடித்த நோட்டை எடுத்து, ஐந்து நம்பரையும் காரணத்தையும் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த நோட்டில் அவனுக்கு முன்னால் பெரிய பெரிய ப்ரொஃபஸர்களின் கையெழுத்தெல்லாம் இருந்ததாம். அதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறுதல்.

அந்த ஐந்தில் ஒன்று மந்தைவெளியில் ஒரு எழுபத்தெட்டு வயசுப் பாட்டியுடையது. நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தி எடுத்தது. திரும்பவும் போய் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தெருமுனையிலேயே சுற்றியிருக்கிறான். கடைசியில் போய் விஷயத்தைச் சொன்னதும் பாட்டி கேட்டாளாம்: "போன தடவை எடுத்தது கெட்டுப்போச்சா? பரவாயில்லேடா, இந்தக் கையில எடு. என் முட்டிவலி என்னால உனக்குப் புரிஞ்சா சரி. ஆனா இந்தத் தடவை அந்தம்மா சொன்ன மாதிரி பண்ணு."

இந்தத் தடவை அரை மணி நேரம் உறையவிட்டு, நிதானமான வேகத்தில் சுற்றி, மூன்று உறைக்குள் போட்டு, தெர்மாக்கோல் பெட்டியில் டிரை ஐஸோடு அடைத்துக்கொண்டான். ஆட்டோக்காரர் கேட்ட தொகை ஒரு ட்யூபின் கட்டணத்தைவிட அதிகம் என்பதால் லஸ்ஸில் 29சி ஏறினான். பெட்டியிலிருந்து லேசாக வெள்ளைப் புகை. கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா தம்பி, மீனா?"

"இல்லீங்க, ரத்தம்."

பக்கத்து சீட்டு அடையாறு வரைக்கும் காலியாகவே இருந்ததாம்.